ரேடியோவில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைப் பிடிக்க முடியவில்லை: மாணவ விமானி எப்படிப் பழக வேண்டும்?

வானேறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சியில் இருக்கிறேன். சர்க்யூட் பறப்பும் (ஓடுபாதையைச் செவ்வகப் பாதையில் சுற்றி வருவது) தரையிறக்கமும் ஓரளவு கைவந்துவிட்டன என்று என் பயிற்றுநர் சொல்கிறார். இருந்தும் முதல் தனிப்பறப்புக்கு அவர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. ரேடியோவை நான் தனியாகக் கையாள்வேன் என்ற நம்பிக்கை அவருக்கு வரும்வரை காத்திருப்போம் என்கிறார். அவருடைய முடிவு சரியானது என்றே நானும் எண்ணுகிறேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிக்கும்போது எனக்கு எந்தத் தடையும் இல்லை. அல்ஃபா முதல் ஜூலு வரை, ஆங்கில எழுத்துகளுக்கான ரேடியோச் சொற்களைத் தயங்காமல் சொல்கிறேன். ரோஜர், வில்கோ (கேட்டேன், அப்படியே செய்கிறேன்), அஃபர்ம், நெகட்டிவ், ஸ்டாண்ட்பை ஆகிய சொற்களை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டாளர் ஓடுபாதை எண், காற்றின் திசையும் வேகமும், கியூ.என்.எச். (உயரமானியில் அமைக்க வேண்டிய காற்றழுத்த எண்), எனக்கு முன்னே செல்லும் விமானம் இருக்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால், முதலில் வந்த இரண்டு செய்திகள் மட்டுமே என்னிடம் தங்குகின்றன. மற்றவற்றை நினைவில் தேடிக்கொண்டிருக்கும்போது உயரமும் வேகமும் கையை விட்டுப் போகத் தொடங்குகின்றன.

காதை எப்படிப் பழக்குவது? பேச வேண்டியதை முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது நல்ல பழக்கமா, அல்லது பிற்பாடு விட முடியாத ஊன்றுகோலாகிவிடுமா? தனியாக இருக்கும்போது ஒரு செய்தி புரியாவிட்டால் எத்தனை முறை திருப்பிக் கேட்கலாம்? பரபரப்பான நேரத்தில் அப்படிக் கேட்பது மற்றவர்களுக்கு இடையூறு ஆகாதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வலது இருக்கை எழுதியது:

வணக்கம். நான் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். நீங்கள் விவரித்திருப்பது இந்தக் கட்டத்தில் ஏறத்தாழ எல்லா மாணவர்களுக்கும் நேர்வதுதான். அதற்குக் காரணம் காதும் அன்று, ஆங்கில அறிவும் அன்று. கவனத்தின் பெரும்பகுதி விமானத்தைப் பறக்க வைப்பதிலேயே செலவாகும்போது, என்ன வரப்போகிறது என்று தெரியாத பேச்சைப் பிடித்து வைக்க மனத்தில் இடம் இருப்பதில்லை. ஆகவே வேகமாகக் கேட்கப் பழகுவதைவிட, வரப்போவதை முன்கூட்டியே அறிந்திருக்கப் பழகுங்கள்.

விமான நிலையத்து ரேடியோ பேச்சில் எதிர்பாராதது மிகக் குறைவு. நிறுத்துமிடத்திலிருந்து டாக்சி (விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்ல அனுமதி) கேட்டால், எந்த ஓடுபாதை, எந்த டாக்சிவே (ஓடுபாதைக்குச் செல்லும் வழி), எந்த இடத்தில் நிற்க வேண்டும், கியூ.என்.எச். எவ்வளவு என்பவற்றைத் தவிர வேறு எதுவும் பதிலில் வருவது அரிது. அவற்றிலும் ஓடுபாதை, காற்று, கியூ.என்.எச். ஆகியவற்றை ஏடிஸ் ஒலிபரப்பு (நிலையத்தின் வானிலை, ஓடுபாதை விவரங்களைத் தொடர்ந்து சொல்லும் பதிவு) உள்ள நிலையமாக இருந்தால் இன்ஜினை இயக்குவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டுவிடலாம். அதன்பின் கட்டுப்பாட்டாளர் பேசும்போது உங்களுக்குப் புதிதாக இருப்பது டாக்சி வழி ஒன்றுதான். நிலைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்த வழியையும் முன்னதாக ஊகித்துவிட்டீர்களானால், கேட்பது என்பது சரிபார்ப்பதாக மாறிவிடும். சர்க்யூட்டிலும் அப்படியே. டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) அழைத்தால் உங்கள் வரிசை எண், முன்னே செல்லும் விமானம், அடுத்து எங்கே அறிவிக்க வேண்டும் என்பவை வரும். ஃபைனலில் (ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கடைசிப் பகுதி) அழைத்தால் தரையிறங்க அனுமதி, தொடர்ந்து வருமாறு அறிவுறுத்தல், கோ அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது) ஆகிய மூன்றில் ஒன்று வரும். மைக் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பதிலின் வடிவம் உங்கள் மனத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் எல்லாச் செய்திகளையும் ஒரே அளவு முக்கியமாகப் பிடிக்க முயல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஓடுபாதைக்குள் நுழைய, அதைக் கடக்க, அதன் முன் நிற்க, அதில் இறங்க அல்லது அதிலிருந்து கிளம்ப வரும் ஆணைகள், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை, கியூ.என்.எச்., டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) குறியீடு, உயரம், திசை, வேகம் ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றின் விவரத்தைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அதைக் கேட்டுப் பயன்படுத்தினால் போதும். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்தவுடன் சுமையில் ஒரு பகுதி தானாகக் குறைந்துவிடும்.

ஒரு மாதிரி உரையாடலைத் தருகிறேன். (டச் அண்ட் கோ என்பது இறங்கியவுடன் மீண்டும் கிளம்புவது; பேஸ் என்பது டவுன்விண்டுக்கும் ஃபைனலுக்கும் இடைப்பட்ட பகுதி; செஸ்னா ஒரு விமான வகை.)

விமானி: எக்ஸ்ரே அல்ஃபா பிராவோ சார்லி டெல்டா, டவுன்விண்ட், டச் அண்ட் கோ.
கோபுரம்: எக்ஸ்ரே சார்லி டெல்டா, நம்பர் டூ, ஃபாலோ செஸ்னா ஆன் பேஸ், ரிப்போர்ட் ஃபைனல்.
விமானி: நம்பர் டூ, செஸ்னா இன் சைட், வில்கோ, எக்ஸ்ரே சார்லி டெல்டா.

விமானி முழு அழைப்புக்குறியோடு தொடங்கியதையும், கோபுரம் அதைச் சுருக்கிய பிறகே தானும் சுருக்கியதையும் பாருங்கள். ஒத்த ஒலியுடைய அழைப்புக்குறி கொண்ட வேறொரு விமானம் அதே அலைவரிசையில் இருக்கலாம் என்பதால், சுருக்கும் உரிமை கோபுரத்துக்கே முதலில் உண்டு.

எழுதி வைத்து வாசிப்பதைப் பொறுத்தவரை, முதல் அழைப்புக்கு மட்டும் அதை நான் ஏற்கிறேன். அதிலும் முழு வாக்கியங்கள் வேண்டாம். யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற நான்குக்கும் ஒவ்வொரு குறிப்பு போதும். தொடையில் கட்டும் குறிப்புப் பலகையில் பதிலுக்கான கட்டங்களையும் முன்பே வரைந்து வையுங்கள். கட்டுப்பாட்டாளர் பேசும்போது எண்களை மட்டும் அந்தக் கட்டங்களில் இட்டால் போதும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது அமைதியாக அமர்ந்து செய்யாதீர்கள். தரையில் ஒரு சர்க்யூட்டை மனத்தால் வரைந்து, அதைச் சுற்றி நடந்தபடி, சரிபார்ப்புகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, உரிய இடங்களில் ரேடியோ அழைப்புகளையும் செய்யுங்கள். கையும் காலும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும்போது வாய் சரியாகப் பேச வேண்டும் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பயிற்சி. வான்போக்குவரத்துப் பேச்சைக் கேட்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாட்டில் நீங்கள் இருந்தால், இணைய ஒலிபரப்பையும் கேளுங்கள். ஆனால் பெரிய பன்னாட்டு நிலையத்தை விட்டுவிட்டு, உங்கள் நிலையத்தையோ அதைப் போன்ற சிறிய நிலையத்தையோ தேர்ந்தெடுங்கள். கட்டுப்பாட்டாளர் முடித்தவுடன் ஒலியை நிறுத்தி, விமானி சொல்வதற்கு முன் ரீட்பேக்கை (ஆணையைத் திருப்பிச் சொல்வதை) நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பறக்கும்போது முதலில் விமானம், பிறகு வழி, அதன் பிறகே ரேடியோ. உயரம் மாறத் தொடங்கினால் பதில் சொல்வதைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் பயிற்றுநர் எதிர்பார்க்கும் நிதானத்தில் இதுவும் அடங்கும் என்று நினைக்கிறேன்.


கோபுரத்திலிருந்து எழுதியது:

நான் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். கேள்வி கேட்டவரின் கடைசி ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: புரியும்வரை கேளுங்கள். எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. 'சே அகெய்ன்' என்ற இரண்டு சொற்கள் அலைவரிசையில் எடுத்துக்கொள்ளும் நேரம் மிகச் சிறிது. தவறாகப் புரிந்துகொண்டு நடந்துவிட்ட விமானத்தைச் சரிப்படுத்த, மற்ற விமானங்களையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும். இடையூறு என்பது அதுதான். செய்தியில் ஒரு பகுதி மட்டும் விடுபட்டிருந்தால் அதை மட்டும் கேட்பது இன்னும் நன்று: 'சே அகெய்ன் கியூ.என்.எச்.' என்றால் நான் அந்த எண்ணை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன்.

முதல் அழைப்பிலேயே நீங்கள் மாணவ விமானி என்பதைச் சொல்லுங்கள். பல நாடுகளில் இதற்கென வழக்கமான சொல்முறை உண்டு. உங்கள் பயிற்றுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கேட்டவுடன் நான் மெதுவாகப் பேசுவேன். ஆணைகளைப் பிரித்துத் தருவேன். நெருக்கமான இடைவெளியில் உங்களை நுழைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேற்படாத சீரான வேகத்தில் பேச வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் வானொலிக் கையேடு சொல்லும் அறிவுரை. அது எங்களுக்கும் பொருந்தும். நாங்கள் அதை மீறும்போது 'ஸ்பீக் ஸ்லோவர்' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் அஞ்சுவது, புரியாமலேயே 'ரோஜர்' என்று சொல்லும் விமானியைத்தான். ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது என்று பொருள். ரீட்பேக் தேவைப்படும் இடத்தில் அதைச் சொன்னால், எந்த எண் உங்களுக்குக் கேட்டது என்பதை நான் அறிய வழியே இல்லை. ஒரு ரீட்பேக் பிழையாக வந்தும் எங்கள் தரப்பு அதைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே நேர்ந்த விபத்து சான்று. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தை 2400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், 'டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார். உயரத்தின் முதல் இலக்கமான 'டூ'வை (இரண்டு), எந்த உயரத்துக்கு என்று காட்டும் ஒத்த ஒலியுடைய ஆங்கில இடைச்சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிகள், 400 அடிக்கு இறங்க ஆணை வந்ததாகக் கொண்டு அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அது திருத்தப்படவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். நான் உங்கள் ரீட்பேக்கை எவ்வளவு கருத்தோடு கேட்கிறேன் என்பதை இதிலிருந்து உணர்வீர்கள். நீங்களும் ரீட்பேக்கை ஒப்புக்குச் சொல்லாமல், கேட்டது இதுதானா என்று வினவும் மனநிலையோடு சொல்லுங்கள்.

பயிற்றுநர் ஐயா சொன்னதோடு ஒரு சிறு வேறுபாடு எனக்கு உண்டு. எதிர்பார்த்துக் கேட்பது நல்ல முறைதான். ஆனால் எதிர்பார்ப்பு மிகும்போது, சொல்லாததும் சொன்னதுபோலக் கேட்கும். ஃபைனலில் 'கன்டினியூ அப்ரோச்' என்று மட்டும் நான் சொல்ல, தரையிறங்கும் அனுமதி வந்துவிட்டதாக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே ஊகித்து வையுங்கள். ஆனால் அந்த ஊகம் பொய்க்கக்கூடிய இடத்தையும் சேர்த்தே ஊகித்து வையுங்கள்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் ஒரு சொல். பன்னாட்டு மொழித்திறன் அளவுகோலில் ஆறு நிலைகள் உள்ளன. பன்னாட்டுப் பறப்புக்கு நான்காம் நிலை போதும். தாய்மொழியின் சாயல் பேச்சில் இருக்கலாம், அது புரிதலுக்குத் தடையாகக் கூடாது என்பதே அந்த நிலையின் எதிர்பார்ப்பு. வெளிநாட்டவர் போலப் பேச முயல்பவரைவிட, தம் இயல்பான குரலில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக உச்சரிப்பவரின் பேச்சு எனக்கு எளிதில் புரிகிறது.


நீள்பாதை எழுதியது:

பயணிகள் விமானத்தில் பணிபுரியும் விமானி நான். மேலே இருவரும் சொல்லியவற்றோடு, கருவியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது உங்கள் அச்சத்தைக் குறைக்கும்.

நாம் பயன்படுத்தும் வி.எச்.எஃப். அலைவரிசைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் அமைந்தவை. அவற்றில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். இருவர் சேர்ந்து அழுத்தினால், வீச்சுப் பண்பேற்ற முறை என்பதால், கேட்பவருக்குக் கிறீச்சிடும் ஒலி எழும். பேசியவர்கள் இருவருக்கும் அது தெரியாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில், பனிமூட்டத்தில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த பேரழிவில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. கே.எல்.எம். விமானத்தின் துணை விமானி, தாங்கள் 'அட் டேக்-ஆஃப்' என்று அறிவித்தார். கோபுரம் 'ஓகே' என்று தொடங்கி, காத்திருக்குமாறு சொன்ன அதே நொடிகளில், பான் ஆம் விமானிகள் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக அறிவித்தார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால், கே.எல்.எம். விமானி அறையில் 'ஓகே' மட்டும் தெளிவாகவும் மீதி கிறீச்சொலியோடும் கேட்டது. கிளம்ப அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே 'டேக்-ஆஃப்' என்ற சொல் வர வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்று சொல்ல வேண்டும் என்று இன்று நாம் கற்கும் விதியின் பின்னே அந்த 583 பேர் இருக்கிறார்கள். விதிகளை மனப்பாடம் செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அலைவரிசை மாற்றியவுடன் பேசாதீர்கள். சில நொடிகள் கேளுங்கள். வேறொருவரின் ஆணைக்கும் அவருடைய ரீட்பேக்குக்கும் இடையே புகுந்துவிடாதீர்கள். பொத்தானை அழுத்திய ஒரு கணம் கழித்துப் பேசத் தொடங்கி, பேசி முடித்த பிறகு விடுங்கள். பலருடைய அழைப்புக்குறியின் முதல் எழுத்து துண்டிக்கப்படுவது இதில் அவசரப்படுவதால்தான். நெடுநேரம் எந்தக் குரலும் கேட்கவில்லை என்றால் ஒலியளவையும், அலைவரிசையையும், உங்கள் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிக்கிய பொத்தான் அந்த அலைவரிசை முழுவதையும் எல்லோருக்கும் அடைத்துவிடும்.

ரேடியோ முற்றிலும் செயலிழந்தாலும் விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும். டிரான்ஸ்பாண்டரில் 7600 இடுங்கள். பிற விமானங்களைக் கண்ணால் தேடியபடி சர்க்யூட்டில் சேர்ந்து, கோபுரத்தின் விளக்கைப் பாருங்கள். வானில் இருப்பவருக்கு அணையாத பச்சை விளக்கு தரையிறங்க அனுமதி. அணையாத சிவப்பு, மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கச் சொல்வது. மின்னும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே என்பது. தனிப்பறப்புக்கு முன் இந்த விளக்குகளை ஒருமுறை காட்டுமாறு உங்கள் பயிற்றுநர் மூலம் கோபுரத்திடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஆபத்து வந்தால் பணிவு வேண்டாம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து, அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் அவசரநிலையை முறையாக அறிவிக்கவேயில்லை. 'மேடே' என்று மும்முறை சொன்னால் அலைவரிசையில் மற்றவர்கள் அமைதி காப்பார்கள். உயிராபத்து உடனடியாக இல்லாத அவசரத்துக்கு 'பான் பான்' உண்டு. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லலாம். அங்கே பதில் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசை இருக்கிறது. மாணவராக இருந்தாலும் இச்சொற்களைப் பயன்படுத்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவற்றையும் நடந்தபடி செய்யும் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒருபோதும் சொல்லிப் பார்க்காத சொல் நெருக்கடியில் வாயில் வராது.


வானேறி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காற்றின் விவரத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். மற்றவை நழுவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது. கட்டங்கள் வரைந்த குறிப்புத்தாளை இன்றே தயாரிக்கிறேன். ஒரு சிறு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஓடுபாதையின் முன் காத்திருக்கும்போது, இறங்கும் விமானத்துக்குப் பின் உள்ளே செல்லுமாறு சில நேரங்களில் ஆணை வருகிறது. நிபந்தனையோடு வரும் அத்தகைய ஆணையை எப்படித் திருப்பிச் சொல்வது?


வலது இருக்கை எழுதியது:

நல்ல கேள்வி. கோபுரத்திலிருந்து எழுதிய நண்பர் சுட்டிய வேறுபாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் இடம்தான் அந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும் இடம்.

ஆணை ஏறத்தாழ இப்படி வரும்: 'எக்ஸ்ரே சார்லி டெல்டா, பிஹைண்ட் லேண்டிங் செஸ்னா, லைன் அப் அண்ட் வெயிட், பிஹைண்ட்' (இறங்கும் செஸ்னாவுக்குப் பின் ஓடுபாதையில் நுழைந்து காத்திருங்கள்). நிபந்தனை முதலிலும் இறுதியிலும் இரண்டு முறை வருவது, அது விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே. உங்கள் ரீட்பேக்கிலும் இரண்டு இடங்களிலும் அது இருக்க வேண்டும்: 'பிஹைண்ட் லேண்டிங் செஸ்னா, லைன் அப் அண்ட் வெயிட், பிஹைண்ட், எக்ஸ்ரே சார்லி டெல்டா.' நிபந்தனையை விட்டுவிட்டு 'லைன் அப் அண்ட் வெயிட்' என்று மட்டும் சொன்னால், இறங்கும் விமானத்தின் முன்னே நீங்கள் நுழையப் போவதாகக் கட்டுப்பாட்டாளர் கொள்ள நேரும். உடனே உங்களை நிறுத்துவார்.

அந்த விமானம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இந்த ஆணையின் பகுதி. ஃபைனலில் இரண்டு விமானங்கள் வந்துகொண்டிருந்து, எதைச் சொல்கிறார்கள் என்பதில் சிறு ஐயம் இருந்தாலும், திருப்பிச் சொல்லாமல் நின்ற இடத்திலேயே நின்று, விமானத்தைக் காணவில்லை என்று தெரிவியுங்கள். நிபந்தனையில்லாத நேரடி ஆணை பிறகு வரும். அதுவரை ஓடுபாதையின் கோட்டுக்கு வெளியே காத்திருக்கலாம். அடுத்த பறப்பில் உங்கள் பயிற்றுநரிடம் சொல்லி, ரேடியோ முழுவதையும் நீங்களே பார்த்துக்கொள்ளக் கேளுங்கள்; அவர் மைக்கைத் தொடாமல் ஒரு முழுப் பறப்பு முடியட்டும்.